பஸ் ஸ்டாண்டு கடையா, கே.கே. நகர் ஃபிளாட்டா?

கேள்வி: திருச்சி பெல்லில் வேலை பார்க்கிறேன். இன்னும் நான்கு மாதத்தில் 60 வயதாகி ஓய்வு பெறுகிறேன். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 80 லட்சம் ரூபாய் கைக்கு வரும். இ.பி.எஸ். பென்ஷன் சொற்பம்தான். திருவெறும்பூரில் 1,500 சதுர அடி மனையில் தரைத்தளம் மட்டும் கட்டிய சொந்த வீடு இருக்கிறது. மகளுக்குத் திருமணமாகிவிட்டது, மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். எனக்கும் மனைவிக்கும் மாதம் 40,000 ரூபாய் வேண்டும். இரண்டு சொத்து பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, மத்திய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காம்ப்ளக்ஸில் தரைத்தளக் கடை. 240 சதுர அடி, 72 லட்சம் சொல்கிறார்கள். 22 வருடமாக ஒரே வாடகைதாரர் சூட்கேஸ், பயணப் பை விற்கிறார். வாடகை 36,000. இன்னொன்று, கே.கே. நகரில் 6 வருடப் பழைய இரண்டு படுக்கையறை ஃபிளாட். 56 லட்சம், வாடகை 15,000. கடையில் 6 சதவீதம் வருகிறது, ஃபிளாட்டில் அதில் பாதிதான். மகனோ இரண்டும் வேண்டாம், ரீட் (வணிகக் கட்டடங்களில் பங்குபோல வாங்கும் யூனிட்) வாங்குங்கள் என்கிறான். கடைக்கு இந்த மாதத்துக்குள் 2 லட்சம் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லி புரோக்கர் நெருக்குகிறார். என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள ஐயா, முதலில் அந்த 2 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம். இந்த மாதத்துக்குள் என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அவசரம் விற்பவருக்குத்தான் என்று அர்த்தம். அவருக்கு ஏன் அவசரம் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

திருச்சியில் இருப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சப்பூர் பேருந்து முனையத்தை 2025 மே 9-ம் தேதி முதல்வர் திறந்துவைத்தார், ஜூலை 16 முதல் அது இயங்குகிறது. வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கே போய்விட்டன. மத்திய பேருந்து நிலையம் முக்கியமாக நகரப் பேருந்துகளுக்கானதாகிவிட்டது. இப்போது உங்கள் கடையின் வாடகைதாரர் என்ன விற்கிறார் என்று பாருங்கள். சூட்கேஸும் பயணப் பையும். மதுரைக்கும் சென்னைக்கும் பேருந்து ஏற வந்தவர், ஜிப் அறுந்துபோன பையோடு நின்றவர், ஊருக்குப் போகும் அவசரத்தில் விலை பேசாமல் வாங்கியவர், இவர்கள்தான் 22 வருடம் அந்த 36,000 ரூபாயைக் கொடுத்துவந்தார்கள். டவுன் பஸ்ஸில் அலுவலகத்துக்குப் போகிறவர் தினமும் சூட்கேஸ் வாங்குவாரா?

சென்னையில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்து, தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறியபோது கோயம்பேட்டுச் சுற்றுவட்டாரக் கடைக்காரர்களும் லாட்ஜ்காரர்களும் இதைத்தான் எதிர்கொண்டார்கள். வணிகச் சொத்தில் நாம் வாங்குவது சுவரும் ஷட்டரும் இல்லை. அந்த வாசலைக் கடந்து போகிற ஆட்களைத்தான் வாங்குகிறோம், அவர்களை எந்தப் பத்திரத்திலும் எழுதிப் பதிய முடியாது.

இதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டு வாடகை குறைந்தால் வீட்டின் விலை உடனே குறைந்துவிடாது. வாங்க வருகிறவர் வாடகையைப் பார்த்து விலை சொல்வதில்லை, மனை விலையைப் பார்க்கிறார், பக்கத்து ஃபிளாட் என்ன விலைக்குப் போனது என்று பார்க்கிறார். கடை அப்படியில்லை. வாங்குபவர் முதலில் கேட்பதே வாடகை எவ்வளவு என்பதைத்தான். அந்தச் சூட்கேஸ்காரர் காலி செய்து, அடுத்து வருகிற செல்போன் கடைக்காரர் 22,000 தான் தருவேன் என்றால், வருட வாடகை 2.64 லட்சம். இன்று உங்களிடம் சொல்கிற அதே 6 சதவீதக் கணக்கில் அந்தக் கடையின் விலை 44 லட்சம். வருமானமும் போகும், போட்ட முதலிலும் 28 லட்சம் போகும். ஏறும்போதும் இப்படித்தான் சேர்ந்து ஏறும், மறுக்கவில்லை. ஆனால் 60 வயதில், ஒரே ஒரு கடையில், இறங்குமுகமான இடத்தில் அந்தப் பந்தயம் வேண்டாம்.

அந்த 6 சதவீதமும் முழுசாக வராது. 72 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 6.48 லட்சம். புரோக்கர் கமிஷன் 1 சதவீதம் என்று வைத்தால் 72,000. மொத்தம் 79.2 லட்சம். உங்கள் 80 லட்சத்தில் மிஞ்சுவது 80,000 ரூபாய். 4.32 லட்சம் வாடகையை 79.2 லட்சத்துக்குப் பார்த்தால் 5.45 சதவீதம். சொத்து வரி, காம்ப்ளக்ஸ் பராமரிப்பு, ஆள் மாறும்போது பூட்டிக் கிடக்கிற மாதங்கள் இவற்றைக் கழித்தால் 5 சதவீதம் தேறினால் பெரிது. வீடு காலியானால் போர்டு மாட்டிய ஒன்றிரண்டு மாதத்தில் ஆள் வந்துவிடும். கடை காலியானால் ஏழெட்டு மாதம் ஷட்டர் இறங்கியே கிடப்பதை எந்தக் காம்ப்ளக்ஸிலும் பார்க்கலாம். அந்த மாதங்களில் உங்கள் வீட்டுச் செலவு எங்கிருந்து வரும்?

வாடகை உண்மையில் 36,000 தானா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. விற்பதற்கு ஆறு மாதம் முன்பு வாடகையை ஏற்றி எழுதி, வித்தியாசத்தை வாடகைதாரருக்குக் கையில் திருப்பிக் கொடுப்பது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். ஒப்பந்தத்தை மட்டும் பார்த்து நம்பாமல், விற்பவரின் வங்கிக் கணக்கில் இரண்டு வருட வாடகை வரவைப் பாருங்கள், அவர் வருமான வரிக் கணக்கில் எவ்வளவு வாடகை காட்டியிருக்கிறார் என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் அதுவே பதில். அதோடு வாடகைதாரர் கொடுத்து வைத்திருக்கிற அட்வான்ஸ் எவ்வளவு? கடை கைமாறினால் அவர் காலி செய்யும்போது அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். விலையில் அதைக் கழிக்க மறந்துபோனவர்கள் நிறையப் பேர்.

22 வருட வாடகைதாரர் என்பதைப் புரோக்கர் பெருமையாகச் சொல்லியிருப்பார். எனக்கு அது கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வீடோ கடையோ, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாததே காலி செய்யக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்றாக அந்தச் சட்டத்தில் இருக்கிறது என்றாலும், பழைய ஆளைக் கிளப்ப வழக்கு, வாய்தா என்று நீங்கள் அலைய வேண்டுமா? பெரும்பாலான பழைய கடைகளில் எல்லாமே வாய்வார்த்தைதான். ஒப்பந்தம் இல்லை என்றால், உங்கள் பெயருக்குப் பத்திரம் ஆவதற்கு முன்பே புதிய வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிந்து தரச் சொல்லி விற்பவரிடம் கேட்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பகுதியில் சிலர் விற்பது சொத்தே அல்ல, மாநகராட்சிக் கடையின் குத்தகை உரிமை. ஸ்ரீரங்கத்து அடிமனைப் பிரச்சினையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டடம் ஒருவருடையது, மண் கோயிலுடையது. உங்கள் கடைக்கு மூலப்பத்திரம் இருக்கிறதா, மனையில் பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி, பட்டா யார் பெயரில் இருக்கிறது, 30 வருட வில்லங்கச் சான்றிதழில் என்ன இருக்கிறது, இதையெல்லாம் ஒரு வழக்கறிஞர் பார்க்காமல் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. 50 லட்சத்துக்கு மேலான சொத்து என்பதால், வாங்கும் நீங்கள் 1 சதவீதம் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அது விலையிலிருந்து கழிவதுதான், கூடுதல் செலவில்லை. மறந்தால்தான் வட்டியும் அபராதமும்.

இவ்வளவு சொன்னதால் அந்த இடமே செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ரயில்வே ஜங்ஷன் நடக்கிற தூரத்தில் இருக்கிறது, நகரப் பேருந்துகள் இருக்கின்றன, லாட்ஜ்கள் இருக்கின்றன. அந்தக் கடைக்கு நிலையான வாடகை 25,000 என்று வைத்து, எல்லாச் செலவும் சேர்த்து 7 சதவீதம் வர வேண்டும் என்று பார்த்தால் விலை 40 லட்சத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அந்த விலைக்குக் கேட்டுப் பாருங்கள். தர மாட்டார். நஷ்டமில்லை.

ஃபிளாட் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 56 லட்சம், பதிவுக்கு 5.04 லட்சம், ஆக 61 லட்சம். வருட வாடகை 1.8 லட்சத்தில் பராமரிப்பு, வரி, பெயின்ட், பிளம்பர் போக 1.6 லட்சம் மிஞ்சினால் 2.6 சதவீதம். நம் ஊர்களில் வீட்டு வாடகை வருமானம் 2 முதல் 4 சதவீதத்துக்குள்தான் இருக்கும், உங்களுக்குக் கிடைத்திருப்பது மோசமான ஃபிளாட் என்று இல்லை. ஃபிளாட்டில் கட்டடம் தேயும், மனைப் பங்கு மட்டும் ஏறும். 20 வருடம் காத்திருக்க முடிகிற 35 வயதுக்காரருக்கு, சம்பளத்திலிருந்து தவணை கட்டுகிறவருக்கு, அது சரியான முதலீடாக இருக்கலாம். மாதம் 40,000 வேண்டும் என்கிற உங்களுக்கு 61 லட்சத்தைப் போட்டுவிட்டு மாதம் 13,000 வாங்குவதில் அர்த்தம் இல்லை. மகளோ மகனோ அந்த வீட்டில் வந்து குடியிருக்கப் போகிறார்கள் என்றால் அது வேறு கதை. அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை.

வரிக் கணக்கைக் காட்டி யாராவது குழப்பினால், உங்கள் விஷயத்தில் அது பெரிதில்லை என்று சொல்லிவிடுங்கள். வீடோ கடையோ, வாடகையில் சொத்து வரி போக 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு. அதோடு 2025 ஏப்ரல் முதல் புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை வரி வருவதில்லை. சிறு பென்ஷன், வாடகை, வட்டி எல்லாம் சேர்த்தாலும் நீங்கள் அந்த எல்லைக்குள்தான் இருப்பீர்கள். வேறுபாடு வருவது விற்கும்போது. வீட்டை விற்று வேறு வீடு வாங்கினால் லாபத்தை மட்டும் அதில் போட்டால் போதும், வரி விலக்கு கிடைக்கும். கடையை விற்றால் லாபத்தை மட்டுமல்ல, விற்ற தொகை முழுவதையும் வீட்டில் போட்டால்தான் முழு விலக்கு. அப்போது உங்களிடம் ஒரு வீட்டுக்கு மேல் இருக்கவும் கூடாது. ஜி.எஸ்.டி. பற்றியும் கேட்பீர்கள். வருட வாடகை 20 லட்சத்துக்குள் இருப்பதால் நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் 2024 அக்டோபர் 10 முதல், வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வாடகைதாரர் பதிவு பெறாத உரிமையாளரிடம் கடை எடுத்தால் வாடகைக்கான 18 சதவீத வரியை வாடகைதாரரே கட்ட வேண்டும். கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் தன் வரியில் கழித்துத் திரும்ப எடுக்க முடியாத ஹோட்டல்காரர் போன்றவர்கள் அந்தச் சுமையை வாடகையில் குறைத்துத்தான் பேசுவார்கள்.

சரி, அப்படியானால் என்ன செய்வது? உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். 1,500 சதுர அடி மனையில் தரைத்தளம் மட்டும் கட்டிய வீடு. மண் உங்களுடையது, அதற்கு முத்திரைத் தீர்வை கட்டி முடித்து வருடங்கள் ஆகிவிட்டன. மாடியில் 800 சதுர அடி எழுப்ப, சதுர அடிக்கு 2,400 என்று வைத்தால் 19.2 லட்சம். ஒரு பக்கம் பெல், இன்னொரு பக்கம் துவாக்குடியில் என்.ஐ.டி. என்று இருக்கிற ஊரில், வாசல் தனியாக, தண்ணீர் வசதியோடு ஒரு மாடி வீடு 10,000 ரூபாய்க்குப் போகும் என்பது என் கணிப்பு. 6 சதவீதத்துக்கு மேல் வருகிறது. ஃபிளாட்டைவிட இரண்டு மடங்கு. வாடகைதாரர் உங்கள் கண் முன்னால் இருக்கிறார், கமிஷன் இல்லை, சங்கப் பராமரிப்பு இல்லை. குடியிருப்பா, வணிகமா என்ற கேள்விக்கு என் பதில் குடியிருப்புதான், ஆனால் கே.கே. நகரில் வாங்க வேண்டாம், உங்கள் மாடியிலேயே கட்டுங்கள்.

அடுத்த 30 லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு. ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பு அதுதான். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. காலாண்டுதோறும் அரசு அறிவிக்கிற விகிதம் மாறினாலும், நீங்கள் போடுகிற நாளின் விகிதம் ஐந்து வருடத்துக்கு உங்களுக்கு மாறாது. 8.2 என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500, அதாவது மாதம் 20,500. மாடி வாடகையோடு சேர்த்து 30,500 ஆயிற்று, இதுவரை செலவு 50 லட்சம்தான். மீதி 30 லட்சத்தைச் சும்மா வங்கி வைப்பில் 6.5 சதவீதத்துக்குப் போட்டால்கூட மாதம் 16,250. மொத்தம் 46,750. கடை முழுப் பணத்தையும் விழுங்கிவிட்டு 36,000 தருகிறேன் என்கிறது, அதுவும் சூட்கேஸ்காரர் இருக்கிற வரை.

இதற்கு நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு. மகன் அதைத்தான் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன். சேமிப்புத் திட்டத்தில் முதல் வளராது, பத்து வருடத்தில் 40,000 ரூபாய் இன்றைய 40,000 ஆக இருக்காது. உண்மை. அதனால் அந்த 30 லட்சத்தில் 10 லட்சத்தை மருத்துவச் செலவுக்கும் அவசரத்துக்கும் வங்கியில் வைத்துவிட்டு, 20 லட்சத்தை வளர விடலாம். இங்கேதான் வணிகச் சொத்துக்கு உங்கள் வாழ்க்கையில் இடம் இருக்கிறது.

மகன் சொல்லும் ரீட்டில் விஷயம் இருக்கிறது. பெரிய அலுவலகக் கட்டடங்களையும் மால்களையும் ஒரு அறக்கட்டளை வைத்துக்கொண்டு அதன் யூனிட்டுகளைப் பங்குச்சந்தையில் விற்கிறது. பிரித்துத் தரக்கூடிய வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தை யூனிட் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். எம்பசி ரீட் 2019-ல் யூனிட் 300 ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தது, மைண்ட்ஸ்பேஸ் 2020-ல், புரூக்ஃபீல்டு 2021-ல். வடபழனி விஜயா மாலை வைத்திருக்கும் நெக்ஸஸ் 2023-ல் வந்தது. ஒரு வாடகைதாரர் போனால் நூறு பேர் மிச்சம் இருப்பார்கள், நினைத்த நாளில் விற்கலாம், ஒரு யூனிட்கூட வாங்கலாம். விலை ஏறி இறங்கும். 5 லட்சத்தில் தொடங்கிப் பழகுங்கள். தினமும் விலையைப் பார்த்து இரத்த அழுத்தம் ஏறுகிற ஆள் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடையில் ஷட்டர் சத்தம் கேட்டால்தான் மனதுக்கு நிம்மதி என்றால், அதுவும் தவறில்லை. ஆனால் பயணிகளை நம்பிய கடை வேண்டாம், குடியிருப்பை நம்பிய கடையாகப் பாருங்கள். மருந்துக் கடை, பால் பூத், மாவு அரைத்துத் தருகிற இடம் போன்றவை பேருந்து நிலையம் மாறினாலும் மாறாது. தரைத்தளமாக, தெருவைப் பார்த்ததாக, 15 லட்சத்துக்குள் சின்னதாகக் கிடைத்தால் போதும். காட்டூர்ப் பக்கம் தஞ்சாவூர் சாலையை ஒட்டி யாராவது காட்டினால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் சாலை வேண்டும் என்ற கோரிக்கையும் அதற்கான நில எடுப்புச் சிக்கலும் எத்தனை வருடமாக ஓடுகிறது என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் புல எண் கையகப்படுத்தும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கினால், வாங்கிய கடையின் முன்பாதி சாலையாகிவிடும். உள்தெருவில் ஒரு சுமாரான கடை அதைவிட மேல்.

கடன் வாங்கி இரண்டையும் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வீட்டுக் கடனைவிடக் கடைக்கான கடனுக்கு வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு. ஓய்வு பெற்றவருக்கு இரண்டுமே சிரமம்.

இப்போதைக்கு உங்கள் வேலை ஒன்றுதான். ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வீட்டுக்கு அழைத்துவந்து, அஸ்திவாரமும் தூண்களும் இன்னொரு தளத்தைத் தாங்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வரைபடம் இருந்தால் எடுத்து வையுங்கள். 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கும் வசதி 2024 ஜூலையில் வந்தது. உங்கள் வீட்டின் மேல்தளத்துக்கு அது பொருந்துமா என்பதை அவரே பார்த்துச் சொல்லிவிடுவார். தூண் இல்லாமல் சுவர் மேல் நிற்கிற வீடு, மாடி தாங்காது என்று அவர் சொன்னால், மாடிக்கு ஒதுக்கிய அந்த 20 லட்சத்துக்கு மனைவியின் வயது முக்கியமாகிறது. அவருக்கும் 60 ஆகியிருந்தால் அவர் பெயரில் தனியாக இன்னொரு மூத்த குடிமக்கள் கணக்கு தொடங்கலாம். அவர் வயதைக் கடிதத்தில் எழுத மறந்துவிட்டீர்கள்.